சர்க்கரையை விட்டோம், சண்டையை விடவில்லை!

கேள்வி: வீட்டில் சர்க்கரை சேர்ப்பதை நிறுத்திவிடுவது என்று நானும் என் கணவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். நான் அடியோடு விட்டுவிட்டேன். அவரோ காபியில் வழக்கம்போல் இரண்டு கரண்டி போட்டுக்கொள்கிறார். கேட்டால், "நீ மட்டும் தேன் ஊற்றிக் குடிக்கிறாயே, அது என்னவாம்?" என்கிறார். தினமும் இதே வாக்குவாதம். தேனும் சர்க்கரையில் சேர்த்தியா? பழமும் கூடாதா? அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
- ஒரு வாசகி

பதில்: தேன் விஷயத்தில் உங்கள் கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாம் அள்ளிப் போடும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாகவே உள்ள சர்க்கரையையும் சேர்த்தே கணக்கிடுகிறது. முழுப் பழத்திலும் பாலிலும் உள்ளது அந்தக் கணக்கில் வராது. ஆகவே பழத்தைத் தாராளமாகக் கடித்துச் சாப்பிடுங்கள், பிழிந்து குடிப்பதை மட்டும் தவிருங்கள்.

ஒரு நாளில் உண்ணும் மொத்தக் கலோரியில் இவ்வகைச் சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அந்த வழிகாட்டுதல். 2,000 கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம் இருக்கும் என்பதால், உங்கள் கணவர் நாளொன்றுக்கு மூன்று காபி குடிப்பவரானால் அதிலேயே 24 கிராம் முடிந்துவிடுகிறது. குவித்து அள்ளுகிற கையாக இருந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்!

அதற்காக அவர் கோப்பையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வீட்டுக்குள் எதை வாங்கி வைப்பது என்பதில் மட்டும் இருவரும் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். அவரவர் காபியை அவரவரிடம் விட்டுவிடுங்கள். கண்காணிக்கப்படுகிறவர் சர்க்கரையை விடுவதில்லை, ஒளிந்து சாப்பிடக் கற்றுக்கொள்கிறார். ஒரேயடியாக நிறுத்த முடியாதவர் இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். நாக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும்.

இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அலமாரியிலுள்ள பொட்டலங்களையும் புட்டிகளையும் மேசைமீது எடுத்து வைத்து, பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். சேர்மானங்கள் எடை அதிகமுள்ளதிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். சர்க்கரை என்ற சொல் முதலிடத்தில் இல்லையே என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ், பழச்சாறு அடர்கரைசல் எனப் பல பெயர்களில் பிரிந்து, ஒவ்வொன்றும் கீழே தள்ளி இடம்பிடித்திருக்கக்கூடும். காலை உணவு தானியக் கலவையிலும், இனிப்பு என்றே நாம் நினைக்காத தக்காளி சாஸிலும் இதைப் பார்க்கலாம். பல சாஸ்களில் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரைதான். காபிக்காக நடக்கும் சண்டையில் இந்தப் புட்டியை யாருமே கவனிப்பதில்லை.

சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டி வாங்கும் எண்ணம் இருந்தால், உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. உங்கள் இருவரில் யாரேனும் இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், உணவைத் திடீரென மாற்றும்போது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும் என்பதால், மருத்துவரிடம் மருந்தளவைப் பற்றிக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். தலைசுற்றலோ நடுக்கமோ வந்தால், நினைவு தெளிவாக இருக்கும்போதே கொடுக்கக் கொஞ்சம் குளுக்கோஸையும் வீட்டில் வைத்திருங்கள்.