மூளை முடக்குவாதம் உள்ள 15 வயது மகன் பள்ளி விட்டால் அறையே கதி என்று கிடக்கிறான். ஏதாவது வகுப்பில் சேர்த்தால் மனசு தேறுமா?

சேருங்கள், நல்லதுதான். ஆனால் எதில் என்பதை அவன் சொல்லட்டும். நீங்களாகவே கொண்டுபோய் நீச்சலில் விட்டால் அது அவனுக்கு இன்னொரு பிசியோதெரபி, அவ்வளவுதான்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டானா அனபி குழுவினர் உடல் குறைபாடுள்ள வளரிளம் பருவத்தினரிடம் 'பிரெப்' என்ற முறையைச் செய்து பார்த்தார்கள். செயலைத் தேர்ந்தெடுப்பது பிள்ளை. தெரபிஸ்ட் 12 வாரம் உடனிருந்து, கைகாலைத் திருத்தாமல், வெளியே இருக்கும் தடைகளை நீக்கப் பார்ப்பார். தேர்ந்தெடுத்த செயலில் அவர்கள் பங்கேற்பு கூடியது.

உங்கள் மகனுக்கு டிரம்ஸ் ஆசை என்று வைத்துக்கொள்வோம். குச்சி நழுவினால் பிடியில் துணிப்பட்டை சுற்றலாம். வகுப்பு மாடியிலா? கீழே நடத்த முடியுமா என்று மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் விட்டுவிடுகிறோம்.

அப்புறம், தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்ததெல்லாம் கசந்து இரண்டு வாரம் தாண்டினால் வகுப்பு மட்டும் போதாது. 'இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்' என்று மருத்துவர்களே மனச்சோர்வைக் கவனிக்காமல் விடுவதுண்டு. மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.