தவழாமல் உட்கார்ந்தபடியே நகரும் குழந்தை

வணக்கம். 13 மாதமாகியும் உங்கள் மகள் தவழாமல் உட்கார்ந்தபடியே தேய்த்து நகர்கிறாள் என்றும், மாமியார் சொல்வதுபோல் வாக்கர் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 4 விழுக்காட்டுக் குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழவே இல்லை. தனியே நடக்கத் தொடங்கும் வயதும் 8 மாதம் முதல் 17 மாதத்துக்குச் சற்று மேல் வரை வேறுபட்டது. உட்கார்ந்து நகரும் குழந்தைகள் பெரும்பாலும் தாமதமாகவே நடப்பார்கள்.

வாக்கர் வேண்டாம். அதில் தொங்கியபடி கால்விரல் நுனியால் உந்தும் குழந்தைக்குத் தன் எடையைத் தானே தாங்கிச் சமன்செய்யும் பயிற்சி கிடைப்பதில்லை. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. (நம் மர நடைவண்டி வேறு, பிடித்து நிற்கத் தொடங்கியபின், ஆள் அருகிலிருக்கக் கொடுக்கலாம்.) தாழ்வான, அசையாத முக்காலியின்மேல் சிறு இட்லித் துண்டுகளை வைத்துப் பாருங்கள்: அவள் முட்டியூன்றி எழுகிறாளா, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து எடுக்கிறாளா என்பது தெரியும்.

ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்தினாலோ, கால்கள் விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி 18 மாதத்திலும் நடக்காவிட்டால் அவசியம் காட்ட வேண்டும்.