வேகமாக வளரும் மீனின் குஞ்சுகளை ஆற்றில் விடலாமா?

கேள்வி: ஆற்றில் அருகிவரும் நாட்டுக் கெண்டை இனம் ஒன்றைக் குளத்தில் வளர்க்கிறேன். வேகமாக வளர்ந்தவற்றில் 2 ஆண், 40 பெண் மீன்களைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். அவற்றின் குஞ்சுகளை ஆற்றில் விட்டால் இனம் பெருகுமா?

பதில்: எண்ணிக்கை கூடலாம், இனம் தேறுவது சந்தேகம்தான். விற்பனைக்கு வளர்ப்பதென்றால் வேகமாக வளர்வதைப் பொறுக்குவது சரி. ஆனால் குளத்தில் எந்த மீன் வேகமாக வளர்கிறது? தீவனக் கை தெரிந்ததும் முதல் ஆளாக மேலே வந்து முட்டி மோதுகிற மீன். ஆற்றில் அப்படி மேலே வந்தால் கொக்குக்குத்தான் லாபம்.

அமெரிக்காவின் ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்னும் டிரவுட் வகை மீன்களின் மரபணுவைச் சோதித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அடைப்பில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் சந்ததி உண்டாக்கும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் வேகமாக வளர்வதை யாரும் பொறுக்கவில்லை.

அப்புறம் உங்கள் ஆண் மீன் கணக்கு. ஆண், பெண் எண்ணிக்கையைப் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, மொத்த மீன்களால் வகுங்கள்: 320 ÷ 42, அதாவது 7.6. மரபுக் கணக்கில் உங்கள் 42 மீன்களும் சேர்ந்து 8 மீன்களுக்குக்கூடச் சமமில்லை. ஒரே தலைமுறையில் உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவு மீன்களுக்குள் நடக்கும் சேர்க்கையின் அளவு, 6 சதவீதத்துக்கு மேல் ஏறும். 20 ஆண், 20 பெண் என்று வைத்தால் 1.25 சதவீதத்தோடு நிற்கும்.

பல ஆண்களின் விந்தை ஒரே கிண்ணத்தில் பிழிந்து கலக்காதீர்கள். வீரியமான ஒன்றே பெரும்பாலான முட்டைகளைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை பெயரளவுக்குத்தான். ஒவ்வொரு பெண்ணின் முட்டைகளையும் பங்கு பிரித்து, பங்குக்கு ஓர் ஆணாகச் சேருங்கள். கிண்ணமும் கையும் உலர்ந்திருக்கட்டும். தண்ணீர் பட்டதும் விந்தணு ஓடத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும். அதனால் நன்றாகக் கலந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

தாய் மீன்களை அதே ஆற்றிலிருந்து, பருவத்துக்குப் பருவம் புதிதாக, சிறிது பெரிது பாராமல் எடுங்கள். பிடிப்பதற்கும் விடுவதற்கும் மீன்வளத் துறையின் அனுமதியும் நோய்ப் பரிசோதனையும் வேண்டும். குஞ்சுகளைச் சிறிதாக இருக்கும்போதே விடுவது நல்லது; அடைப்பில் இருக்கும் நாள் கூடக் கூட ஆற்றுப் புத்தி மழுங்கும். வேகமாக வளரும் உங்கள் மீன்களை வேறு குளத்தில், மடையில் நெருக்கமான வலை கட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் கரை வழியாத குளமாகப் பாருங்கள்.