தனியாளின் வீட்டுச் சாவி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரை ஒன்றில் குறிப்பிட்டிருந்த, ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டரின் ‘தி அபார்ட்மென்ட்’ படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். எனக்கு வயது 41. திருமணம் செய்துகொள்ளவில்லை. கோவையில் வாடகை வீட்டில் தனியாக வாழ்கிறேன், அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அலுவலகத்தில் யாராவது இருந்தாக வேண்டும் என்றால், “உங்களுக்கென்ன, தனியாள்தானே” என்று என் பெயரைத்தான் எழுதுகிறார்கள். வீடு தேடியபோது, ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று எத்தனையோ வாசல்களில் திருப்பி அனுப்பினார்கள்.

இந்தப் படத்தைக் காதல் நகைச்சுவை என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்த இடங்களிலெல்லாம் வயிற்றையும் பிசைந்தது. முடிவுதான் ஏமாற்றம். நாயகனுக்கு ஒரு பெண் கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. தனித்து வாழ்வது நோய், ஜோடி சேர்வதே மருந்து என்றுதானே இந்தப் படமும் சொல்கிறது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் வரும் ‘தனியாள்தானே’ என்ற சொல்லிலேயே அந்தப் படத்தின் கதை முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. படம் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960இல் வெளிவந்த இப்படத்தின் நாயகன் பாக்ஸ்டர், நியூயார்க்கில் 31,259 பேர் வேலை பார்க்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தர். சென்ட்ரல் பார்க்கை ஒட்டிய தெருவில், மாதம் 85 டாலர் வாடகையில் தனியாகக் குடியிருக்கிறான். அவனுடைய மேலதிகாரிகள் நால்வர், மனைவிக்குத் தெரியாமல் பிற பெண்களைச் சந்திப்பதற்கு அவன் வீட்டுச் சாவியை முறைவைத்து வாங்கிக்கொள்கிறார்கள். பதிலுக்கு அவனைப் பற்றி மேலிடத்தில் நல்ல வார்த்தை சொல்கிறார்கள். பிறகு அவர்களுக்கும் மேலே உள்ள ஷெல்ட்ரேக் சாவியைக் கேட்கிறார். அவர் அங்கே அழைத்துவருவது, பாக்ஸ்டர் மனத்துக்குள் விரும்பிக்கொண்டிருக்கும் லிஃப்ட் இயக்கும் பெண்ணான ஃபிரான் கியூபெலிக்கை.

அந்த நால்வரும் குடும்பஸ்தர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஷெல்ட்ரேக்குக்கு மனைவியும் இரண்டு மகன்களும் உண்டு. உங்களிடம் ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று சொன்ன வீட்டுக்காரர்கள், குடும்பம் இருக்கும் வீட்டில்தான் ஒழுங்கு இருக்கும் என்று நம்புகிறவர்கள். இந்தப் படத்தில் ஒரு பிரம்மச்சாரியின் வீட்டில் நடக்கும் ஒழுங்கீனம் முழுவதையும் குடும்பஸ்தர்களே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அவனுக்கு எதற்கு வீடு, எங்கே படுத்தாலும் விடிந்துவிடும் என்ற எண்ணம் அவர்களிடம் இருக்கிறது. உங்கள் தீபாவளியை எடுத்துக்கொள்கிறவர்களிடமும் அதே எண்ணம்தான் இருக்கிறது. தனியாளின் நேரமும் இடமும் யாருக்கும் பாத்தியப்படாத புறம்போக்கு என்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு.

தமிழில் ‘தனிமை’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு நிலைகளைச் சுமக்கிறது. வள்ளலார் ‘தனித்திரு’ என்று சொன்னபோது அது ஒரு பேறு; அதே மொழியில்தான் ‘தனிக்கட்டை’ என்று இரக்கத்தோடும் சில சமயம் இளப்பத்தோடும் சொல்கிறோம். பாக்ஸ்டருக்கு இந்த இரண்டில் முதலாவது வாய்க்கவே இல்லை. வேலை முடிந்து அலுவலகம் காலியான பிறகும் அவன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது சுறுசுறுப்பினால் அல்ல, வீடு இன்னும் காலியாகவில்லை என்பதனால். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவனை நள்ளிரவில் தொலைபேசியில் எழுப்பி வெளியே அனுப்புகிறார்கள். பூங்காவின் குளிரில் ஒரு நீண்ட பெஞ்சில் தனியே உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியில், தனித்திருக்கும் உரிமையையும் பறிகொடுத்த ஒரு மனிதனைத்தான் நான் பார்க்கிறேன். அகன்ற திரையில், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட படம் அது. அந்த அகலத்தில் பெரும்பகுதியை வைல்டர் ஆளில்லாமலே விட்டுவைக்கிறார். அலுவலகக் காட்சிகளில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார். கலை இயக்குநர் அலெக்சாந்தர் திரௌனர் பின்வரிசைகளில் மேசைகளைச் சிறிதாக்கிக்கொண்டே போய், அவற்றில் உயரம் குறைந்தவர்களை உட்காரவைத்து, முடிவில்லாத கூடம் ஒன்றை உண்டாக்கினார். அத்தனை பேருக்கு நடுவிலும் பாக்ஸ்டருக்கு ஒரு நண்பன்கூட இல்லை.

நான் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சுவருக்கு அப்பால் கேட்கும் சத்தங்களையும் குப்பையில் சேரும் மதுப் புட்டிகளையும் வைத்து, பாக்ஸ்டரைப் பெரிய பெண்பித்தன் என்று அடுத்த வீட்டு டாக்டர் டிரைஃபஸ் நினைத்துக்கொள்கிறார். பாக்ஸ்டர் மறுப்பதில்லை. தனக்கு யாருமில்லை என்பது தெரிவதைவிடக் கெட்ட பெயர் மேல் என்று அவன் உள்ளூர நினைத்திருக்க வேண்டும். தனியாக வாழ்கிறவர்கள், “நேற்று என்ன செய்தீர்கள்?” என்று கேட்கப்படும்போது இல்லாத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுவதும் இந்தக் கூச்சத்தினால்தான். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஃபிரானின் நிலைமையும் நம் பேச்சுக்குத் தேவையானதுதான். அவள் தனியாக வாழவில்லை. அக்கா, அக்காள் கணவரோடு இருக்கிறாள். ஆனாலும் அவள் கைக்கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. கிறிஸ்துமஸ் விருந்தன்று அதை வாங்கிப் பார்க்கும் பாக்ஸ்டர், தன் வீட்டில் கிடந்து தான் ஷெல்ட்ரேக்கிடம் திருப்பிக் கொடுத்த கண்ணாடி அது என்று தெரிந்துகொள்கிறான். உடைந்திருக்கிறதே என்று அவன் சொல்ல, தான் உணர்கிறபடியே அது தன்னைக் காட்டுகிறது, அதனால் பிடித்திருக்கிறது என்று அவள் பதில் சொல்கிறாள். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒருத்தி இப்படிச் சொல்ல நேர்கிறது என்றால், தனித்து வாழ்வதுதான் நோய் என்று இந்தப் படம் சொல்வதாக எப்படி எடுத்துக்கொள்வது?

அன்று இரவே அவள் பாக்ஸ்டரின் வீட்டில் தூக்க மாத்திரைகளை விழுங்கிவிடுகிறாள். காப்பாற்றியது காதல் இல்லை, பக்கத்து வீடு. டிரைஃபஸ் ஓடிவந்து, அவளை அறைந்து விழிக்கவைத்து, காப்பி புகட்டி, விடியும்வரை நடக்கவைக்கிறார். அவர் மனைவி மறுநாள் சூப் கொண்டுவருகிறார். இந்த நிலைக்குப் பாக்ஸ்டர்தான் காரணம் என்று நம்பிக்கொண்டு டாக்டர் அவனிடம், “மென்ஷாக இரு” என்கிறார். அது யூதர்களின் இத்திஷ் மொழிச் சொல். நம் ஊரில் பெரியவர்கள் ஒருவரைக் கண்டிக்கும்போது ‘மனுஷனா இரு’ என்பார்களே, அதே பொருள், அதே கண்டிப்பு. அடுத்த இரண்டு நாட்கள் பாக்ஸ்டர் அவளைப் பார்த்துக்கொள்கிறான். டென்னிஸ் மட்டையில் ஸ்பகெட்டியை வடிகட்டுகிறான், சீட்டாடுகிறான். அவள் துயரத்தில் இருக்கும்போது அவன் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்பதை வைல்டர் மறைக்கவில்லை. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புத்தாண்டுக்கு முந்தின நாள் ஷெல்ட்ரேக் மறுபடியும் சாவி கேட்கிறார். பாக்ஸ்டர் ஒரு சாவியை மேசைமேல் வைக்கிறான். அது அதிகாரிகளுக்கான கழிப்பறையின் சாவி, பதவி உயர்வின் அடையாளமாக அவனுக்குக் கிடைத்தது. வீட்டுச் சாவி இனி கிடையாது என்று சொல்லி வேலையையும் விட்டு வெளியேறுகிறான். இந்த நேரத்தில் ஃபிரான் ஷெல்ட்ரேக்கோடு போய்விட்டதாகத்தான் அவனுக்குத் தெரியும். அவள் தன்னிடம் வருவாள் என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒருவரும் துணையாக இல்லாத நிலையில், வருகிற புத்தாண்டையும் தனியாகவே கழிக்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு, அவன் தன் கதவைத் தனக்காகச் சாத்திக்கொள்கிறான். நீங்கள் சொன்ன ‘சரியாகிவிடுவது’ இங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது. சாவி மறுக்கப்பட்ட செய்தியை ஷெல்ட்ரேக்கின் வாயால் கேட்ட பிறகுதான் ஃபிரான் அவரை விட்டுவிட்டு ஓடிவருகிறாள். அந்த வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் உங்கள் குற்றச்சாட்டை நான் முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டிருப்பேன்.

அந்த ஓட்டமும் அவள் முகத்து மலர்ச்சியும் பார்வையாளருக்கு ஆறுதல் தருவதற்கென்றே வைக்கப்பட்டவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கடைசி உரையாடலை மட்டும் இன்னொருமுறை கேட்டுப் பாருங்கள். மூட்டை கட்டிக்கொண்டிருப்பவனிடம் எங்கே போகிறாய் என்று அவள் கேட்கிறாள். வேறு ஊர், வேறு வேலை, யாருக்குத் தெரியும், இனி தான் தனி ஆள் என்கிறான். தானும் அப்படித்தான் என்கிறாள் அவள். திருமணப் பேச்சு இல்லை, முத்தமும் இல்லை. அப்போதும் அவளை அவன் ‘மிஸ் கியூபெலிக்’ என்றுதான் அழைக்கிறான். அவன் காதலைச் சொல்லச் சொல்ல, அவள் சீட்டுக்கட்டை அவனிடம் நீட்டி, பேச்சை நிறுத்திவிட்டுச் சீட்டைப் போடச் சொல்கிறாள்.

அன்புடன்.