வேன் ஓடுகிறது, தூக்கம்தான் வரவில்லை

அன்புள்ள அண்ணா,

திருவொற்றியூரில் இரண்டு வேன் வைத்துக் கோயில் சுற்றுலா நடத்துகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் இரண்டும் சீட் வரைக்கும் மூழ்கின. கடன் வாங்கிச் சரிசெய்தேன். சவாரி பழையபடி வருகிறது. "மீண்டுட்டப்பா" என்கிறார்கள். ஆனால் ராத்திரி தூறல் விழுந்தாலே டார்ச்சை எடுத்துக்கொண்டு டயரடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கப் போகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. இது கோழைத்தனமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இல்லை. கோழைத்தனம் என்ற சொல்லையே விட்டுவிடுங்கள்.

அந்த வருடம் திருக்கார்த்திகை நவம்பர் 26. வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும் உங்கள் ஊர்க் கோயில் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் திறக்கிற அந்த மூன்று நாளும் உங்கள் வேன்களுக்கு ஓய்வே இருந்திருக்காது. அடுத்த வாரமே தண்ணீர். கை நிறைந்திருந்தபோது விழுந்த அடி, லேசில் மறக்காது.

உங்கள் தொழிலில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. அதே மழையில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தபோது, மீனவர்கள் கறுத்துப்போன வலையைக் காட்டி நியாயம் கேட்டார்கள். உங்களால் எதைக் காட்ட முடியும்? சவாரி கேட்டு போன் வந்தால், "இங்கே எல்லாம் நல்லா இருக்கு, வாங்க" என்றுதான் சொல்லியாக வேண்டும். பயந்த முகத்தைப் பார்த்தால் வண்டி பிடிக்க மாட்டார்களே. பகலெல்லாம் அடக்கி வைத்தது ராத்திரி டார்ச்சோடு எழுந்து நடக்கிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

முதலில் வீட்டில் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் டிரைவரிடம், மழை பெய்தால் தூங்குகிறாரா என்று கேளுங்கள். அவருடைய சம்பளமும் அந்த வேனில்தான் மூழ்கியது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நேரில் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்குப் போவதுபோல் போய் வாருங்கள்.

வண்டி விஷயமும் சொல்லிவிடுகிறேன். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது. முழு பாலிசியிலும் என்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தினார்கள். நல்ல காரியம். நீங்களும் மேடான இடம் ஒன்றை இப்போதே பேசி வையுங்கள். எச்சரிக்கை வந்த அன்றே வேன் அங்கே போய்விட்டால், டார்ச்சுக்கு வேலை குறையும்.

வீட்டில் சொன்ன பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.