தினமும் தலைவலி, தினமும் மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 36. பத்து ஆண்டுகளாக மாதத்துக்கு இரண்டு மூன்று முறை ஒற்றைத் தலைவலி வரும். ஆறு மாதமாகத் தினமும் வலிக்கிறது. மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரை போட்டால்தான் அடுப்படிக்கே போக முடிகிறது. மூளையில் கட்டி இருக்குமோ?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த மாத்திரைதான். பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் முதலியவை கலந்த கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மருந்தே தலைவலியை வளர்க்கத் தொடங்கிவிடும். வலியை உணரும் நரம்புப் பாதைகள் கூர்மையாகிவிடுகின்றன. மருந்தின் வேகம் அடங்கியதும் வலி திரும்புகிறது; மறுபடியும் மாத்திரை. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். விடியற்காலையிலேயே வலியோடு விழிக்கிறீர்களா? இதில் அது அடிக்கடி நடப்பது.

இன்றே தினசரி காலண்டரை எடுங்கள். வலித்த நாளில் ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளில் ஒரு வட்டம். காலை உணவைத் தவிர்த்த நாள், தூக்கம் கெட்ட நாள், மாதவிலக்கு நாள் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். அதையும், தீர்ந்த மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அட்டையில் உள்ள பெயர்கள் எங்களுக்கு நிறையச் சொல்லும்.

கட்டி பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. நீங்கள் சொல்லும் போக்கில் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் வலியின் போக்கு மாறியிருப்பதால் நேரில் பரிசோதிப்பது அவசியம். இடி இறங்கியதுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மாத்திரையை நிறுத்தியதும் முதல் சில நாட்கள், சிலருக்குப் பத்து நாள் வரைகூட, வலி கூடும், குமட்டும். பலர் அங்கேதான் தோற்றுப்போகிறார்கள். அதனால் மருத்துவரின் துணையோடு நிறுத்துங்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கூடவே புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்து ஒன்றை அவர் தொடங்கலாம். ஆஸ்துமா இருந்தாலோ, கருத்தரிக்கும் எண்ணம் இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். தடுப்பு மருந்து பலன் காட்ட இரண்டு மாதம்கூட ஆகலாம். பத்தாம் நாளே “கேட்கவில்லை” என்று விட்டுவிடாதீர்கள்.