ஸ்டென்டுக்குள் திரும்பவும் அடைப்பா? சி.டி. எவ்வளவு காட்டும்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, நீரிழிவு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இதயக் குழாயில் 2.75 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலை) வைத்தார்கள். இப்போது வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது. சி.டி. எடுத்தோம். 'ஸ்டென்டின் உட்பகுதியை மதிப்பிட முடியவில்லை' என்று அறிக்கை வந்தது. அடைத்துவிட்டதா?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அந்த வரி அடைத்துவிட்டது என்றும் சொல்லவில்லை, திறந்திருக்கிறது என்றும் சொல்லவில்லை. படத்தில் உள்ளே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இக்கால ஸ்டென்டின் கம்பி ஏறத்தாழ 0.08 மில்லிமீற்றர் தடிப்பு. வழக்கமான சி.டி. படத்தின் ஒரு புள்ளியோ 0.5 மில்லிமீற்றர் அளவு. புள்ளியின் ஒரு மூலையில் உலோகம் பட்டாலும் முழுப் புள்ளியும் வெளிறிவிடும். இரு பக்கச் சுவரும் இப்படி உள்நோக்கி வீங்கித் தெரிவதால், 2.75 மில்லிமீற்றர் குழாயில் பார்க்கக்கூடிய இடம் 2 மில்லிமீற்றரிலும் குறைந்துவிடும். அதற்குள் அரை மில்லிமீற்றர் தசை வளர்ந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? 2021இல் வந்த அமெரிக்க நெஞ்சுவலி வழிகாட்டி 3 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் உள்ள ஸ்டென்டுகளுக்கே சி.டி.யைப் பரிந்துரைப்பது இதனால்தான். ஸ்டென்ட் அளவை ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டில் பார்த்து, ஸ்கானுக்கு முன்பே சொல்லுங்கள்.

மிகச் சிறியதையும் பிரித்துக் காட்டும் நுண்பிரிப்புச் சி.டி.யில் இந்த வீக்கம் குறையும். 0.25 மில்லிமீற்றர் உணரிகள் கொண்ட இயந்திரங்கள் உண்டு. எக்ஸ் கதிரின் ஒவ்வொரு ஃபோட்டோனையும் (ஒளித்துகளையும்) தனித்தனியாக எண்ணும் வகை 0.2 மில்லிமீற்றர் வரை நறுக்கிக் காட்டும். ஆனால் இயந்திரம் மட்டும் போதாது. கூர்மையான கேணல் (படத்தை மீளமைக்கும் கணினி வடி), 1024 மற்றிக்ஸ் (படத்தின் ஒரு பக்கத்திலுள்ள புள்ளிகள்), இதயத்தை மட்டும் அடக்கிய சிறிய புலம், ஏறத்தாழ 1500 அகல விண்டோ (திரையில் காட்டும் வெளிச்ச வீச்சு) எல்லாம் வேண்டும். மென்மையான கேணலில் மீளமைத்தால் புது இயந்திரத்திலும் பழைய மங்கல்தான். கூர்மையைக் கூட்டினால் படத்தில் பொரிபொரியாக இரைச்சல் கூடும். பருத்த உடம்பில் அது பெரிய தொல்லை.

ஸ்கானுக்கு முன் நாடித்துடிப்பு 60க்குக் கிட்ட இருக்க மெற்றோப்ரொலோல் தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். சில்டெனாபில் (வயாகரா) எடுத்தவருக்கு, குழாயை விரிக்கும் நைத்திரேற்றை நாக்கின் கீழ் வைக்கக்கூடாது. முழங்கை மடிப்பிலுள்ள குருதி நாளத்தில் 18 அளவுக் கனூலா (ஊசிக்குழாய்) போட்டு, வினாடிக்கு 5 மில்லிலீற்றர் வேகத்தில் 60 முதல் 80 மில்லிலீற்றர் கொன்ட்ராஸ்ட் (குழாயைப் படத்தில் தெளிவாக்கும் மருந்து) செலுத்துவார்கள். கையின் சிறு நாளத்தில் ஏற்றினால் அந்த வேகம் கிடைக்காது, குழாய் மங்கலாகத் தெரியும். முதல் நாளே கோப்பியும் தேத்தண்ணியும் வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் கொன்ட்ராஸ்ட் ஏற்றவே வேண்டாம். நீரிழிவுக்கு மெற்போமின் குடிப்பவர் அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: ஸ்டென்டுக்கு அப்பால் குருதி தெரிவதை வைத்து 'ஓட்டம் இருக்கிறது' என்று ஆறுதல்படாதீர்கள். பக்கக் கிளைகள் வழியாகப் பின்பக்கமாகவும் அது நிரம்பும்.

அப்பாவுக்கு நெஞ்சு இறுக்கம், நீரிழிவு, சிறிய ஸ்டென்ட் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. மறுபடி சி.டி.க்கு அலைவதிலும் இதயநோய் நிபுணரிடம் அஞ்சியோகிராம் (குழாய்க்குள் மெல்லிய ரியூப் விட்டு எடுக்கும் படம்) பற்றிக் கேட்பதே நல்லது. குழாயின் விட்டத்தில் பாதி அல்லது அதற்கு மேல் ஒடுங்கியிருந்தால் மீள் ஒடுக்கம் என்பார்கள். ஒளியால் குழாயின் உட்சுவரைப் படமெடுக்கும் ஓ.சி.ரி. கமராவை உள்ளே அனுப்பினால், தசை வளர்ந்ததா, ஸ்டென்ட் முதலிலேயே சரியாக விரியவில்லையா என்றும் தெரியும். சிகிச்சை அதைப் பொறுத்தே மாறும். அஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ நீங்களாக நிறுத்தக்கூடாது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு நொந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

கேள்வி: என் நெஞ்சில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. சி.டி. எடுக்கலாமா?
வாசகர், கிளிநொச்சி

பதில்: எடுக்கலாம். சி.டி.யில் காந்தம் இல்லை, துண்டு அசையாது. எம்.ஆர்.ஐ.தான் யோசிக்க வேண்டியது. ஆனால் துண்டைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கீற்றுகள் விழும். அது இதயத்துக்கு அருகில் என்றால் ஸ்டென்டை மறைத்துவிடும். பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: இடுப்புக் குருதிக் குழாயில் 8 மில்லிமீற்றர் ஸ்டென்ட். அதற்கும் இதே சிக்கலா?
வாசகர், மாங்குளம்

பதில்: மிகக் குறைவு. குழாய் அகலம், இதயம் போல் துடித்து அசைவதும் இல்லை. முதலில் குருதி ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கான். அதில் ஐயம் வந்தால் மட்டும் சி.டி.